பெயரற்ற உடலும் அருகிலிருந்த பட்டணமும்

ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர்களான மாய் ஷோவால், பேர் வாலோ ஆகிய இருவரும் இணைந்து எழுதி 1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோசானா' என்னும் நாவல், ஒரு கொலையையும் அதைப் பற்றிய புலனாய்வையும் பொருளாகக் கொண்டது. துப்பறியும் நாவலொன்றை இறையியல் இதழில் எடுத்து ஆராய்வானேன் என வாசகர் சிலர் கேட்கக்கூடும். தரங்கம்பாடியின் முதல் அத்தியட்சராக எர்ன்ஸ்ட் ஹாய்மன் 1921இல் பொறுப்பேற்ற நாள் முதல், ஸ்வீடன் என்றவுடன் நம்மவர் பலருக்கு அருட்பணியாளரின் நாடு என்ற நினைவே எழுகிறது. அந்நாட்டின் மற்றொரு முகத்தை இந்நூல் காட்டுகிறது என்பது ஒரு காரணம். முதன்மையான காரணம் வேறு. கொலையுண்டவரை நாம் எவ்வாறு பேசுகிறோம், எவ்வாறு நினைக்கிறோம் என்ற கேள்வியை இந்நூல் எழுப்புவதுபோல் நம் பிரசங்கங்கள் எழுப்பியதில்லை என்று கருதுகிறேன்.

நூலாசிரியரைப் பற்றிச் சில சொற்கள் போதும். வாலோ 1926இல் பிறந்தவர், செய்தியாளர், பிராங்கோவின் ஆட்சிக்குட்பட்ட ஸ்பெயினிலிருந்து 1957இல் வெளியேற்றப்பட்டவர். ஷோவால் 1935இல் பிறந்தவர். இருவரும் இடதுசாரிக் கொள்கையினர். பத்து நாவல்களை ஒரே பெருங்கதையாகத் திட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் முப்பது அதிகாரங்கள் என வகுத்து, 'ஒரு குற்றத்தின் கதை' என்னும் பொதுத்தலைப்பின்கீழ் 1965 முதல் 1975 வரை எழுதி முடித்தனர். குழந்தைகள் உறங்கிய பின் இரவில் எதிரெதிரே அமர்ந்து, அதிகாரத்திற்கு ஒருவராக மாற்றி மாற்றி எழுதினர் என்பர். பத்தாம் நூல் வெளிவந்த 1975ஆம் ஆண்டிலேயே வாலோ காலமானார். ஷோவால் 2020 வரை வாழ்ந்தார். அவ்வரிசையின் முதல் நூலே 'ரோசானா'.

கதை ஒரு கால்வாயில் தொடங்குகிறது. யோத்தா கால்வாய் 1832இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளமும் 58 மதகுகளும் உடையது. நாட்டின் மேற்கையும் கிழக்கையும் ஏரிகள் வழியே இணைப்பது. வெட்டர்ன் ஏரிக்கரையிலுள்ள மோட்டாலா நகருக்கு அண்மையில், போரன்ஷுல்ட் என்னுமிடத்தில், கப்பல்களைப் படிப்படியாக இறக்கிவிடும் மதகுத் தொடர் ஒன்றுண்டு. சூலைத் திங்கள் எட்டாம் நாள் பிற்பகலில், அங்குத் தூர்வாரிக்கொண்டிருந்த இயந்திரத்தின் வாளி, சேற்றோடு ஒரு பெண்ணின் உடலை அள்ளி மேலே கொணர்கிறது. ஆடையில்லை, அணிகலனில்லை, அடையாளம் எதுவுமில்லை. கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது. அவள் யாரென மோட்டாலாவில் எவருக்கும் தெரியவில்லை. அவளைத் தேடி எவரும் வரவுமில்லை.

உபாகமம் இருபத்தோராம் அதிகாரத்தைக் கற்பித்தவர்க்கு இத்தொடக்கம் வேற்றிடமாகத் தோன்றாது. வெளியிலே வெட்டுண்டு கிடக்கும் ஒருவன். கொன்றவன் இன்னான் என்று தெரியாது. அந்நிலையில் மூப்பரும் நியாயாதிபதிகளும் சுற்றிலுமுள்ள பட்டணங்கள் வரைக்கும் தூரத்தை அளக்கின்றனர். எந்தப் பட்டணம் அருகிலோ, அந்தப் பட்டணம் பொறுப்பேற்கிறது. செத்தவன் அவ்வூரான் என்பதாலன்று. கொன்றவன் அவ்வூரான் என்பதாலுமன்று. அருகிலிருக்கிறது என்ற ஒன்றே காரணம். இந்த விதியை வாசிக்கையில், நுகத்தில் பூட்டப்படாத கிடாரி, உழப்படாத பள்ளத்தாக்கு, கை கழுவுதல் ஆகிய சடங்குகளிலேயே நம் கவனம் தங்கிவிடுகிறது. அளவுகோலை எடுத்துக்கொண்டு வயல்வெளியில் நடந்த அம்மூப்பரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெயர் தெரியாத ஒரு பிணத்திற்கும் தமக்கும் இடையேயுள்ள தூரத்தை அவர்கள் அளந்தார்கள். அளந்த பின், அது தம்முடைய காரியமன்று என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

மோட்டாலாவின் காவல் அதிகாரி ஆல்பெர்க் அத்தகைய மூப்பருள் ஒருவர். கதை தொடங்கும் காலத்தில் ஸ்வீடனின் காவல்துறை நகராட்சிகளின் பொறுப்பிலேயே இருந்தது. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அது மைய அரசின் கைக்கு மாறிற்று. ஆகவே தம் ஊர் எல்லையில் கிடைத்த உடல் தம்முடைய பொறுப்பு என ஆல்பெர்க் எண்ணுவது வெறும் அலுவல் முறையன்று. ஸ்டாக்ஹோமிலிருந்து மார்ட்டின் பெக்கும் கோல்பெர்க்கும் மெலாண்டரும் உதவிக்கு வருகின்றனர். வாரங்கள் கடக்கின்றன. செய்தித்தாள்கள் மறந்துவிடுகின்றன. மேலிடத்தில் சலிப்புத் தோன்றுகிறது. ஆயினும் ஆல்பெர்க் விட்டுவிட மறுக்கிறார். பெக்கும் விடவில்லை. ஒருவர்க்கொருவர் தொலைபேசியில் சொல்லத்தக்க புதுச்செய்தி எதுவுமில்லாத நாள்களிலும் பேசிக்கொள்கின்றனர். இந்நாவலில் என்னை மிகவும் ஈர்த்தது இப்பகுதியே. துப்பறியும் நாவல்களை விரும்புவோர் பலர் இதைச் சோர்வு தரும் பகுதி என்பர். ஏனெனில் இங்கு எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாத நாளிலும் ஒரு மனிதன் மற்றொரு மனிதப்பிறவியின் மரணத்தைத் தன் நினைவிலிருந்து நீக்காதிருக்கிறான் என்பதைக் காட்ட, அத்தனை பக்கங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலிருந்து ஒரு தந்தி வருகிறது. அனுப்பியவர் காஃப்கா என்னும் காவல் அதிகாரி. (இப்பெயரைத் தெரிந்தெடுத்ததில் ஆசிரியரின் குறும்பு வெளிப்படுகிறது.) இறந்தவள் ரோசானா மெக்ரா; வயது 27; நூலகப் பணியாளர். கொலையாளியைப் பற்றி அத்தந்தியில் ஒன்றுமில்லை. எனினும் நாவலின் உண்மையான திருப்பம் அதுவே. அதுவரை 'உடல்' என்றும் 'அந்தப் பெண்' என்றும் குறிக்கப்பட்டவள் அக்கணம் முதல் ரோசானா ஆகிறாள். நூலுக்குக் கொலையாளியின் பெயரையோ, துப்பறிவாளனின் பெயரையோ, கொலை நிகழ்ந்த இடத்தின் பெயரையோ சூட்டாமல் அவளுடைய பெயரைச் சூட்டியதன் கருத்து இங்கு விளங்குகிறது. இவ்வகை நாவல்களில் பிணம் என்பது பெரும்பாலும் ஒரு புதிரின் முதல் வரி. புதிர் அவிழத் தொடங்கியதும் அப்பிணத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்நூலில் முதலில் அவிழ்க்கப்பட வேண்டிய புதிர் இறந்தவளே.

ஆசிரியர் இருவரும் இக்கால்வாயில் தாமே படகுப் பயணம் சென்றபோது, தனியே நின்றுகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கண்டதாகவும், அவளைக் கொல்வதிலிருந்தே கதையைத் தொடங்கலாமே என்று தாம் கூறியதாகவும் ஷோவால் பிற்காலத்தில் பேட்டியொன்றில் நினைவுகூர்ந்தார். விளையாட்டாகப் பிறந்த எண்ணம் அது. முகம் மட்டும் தெரிந்த அந்த அயலாளுக்கு ஒரு பெயரும் ஊரும் தொழிலும் நண்பரும் கொடுக்க இருவரும் இத்துணை உழைத்திருப்பதைக் காணும்போது, அவ்விளையாட்டுக்குத் தாமே பரிகாரம் செய்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். இறுதியாண்டு மாணவர் சிலருக்கு இக்கதையை ஒருநாள் சுருக்கமாகச் சொன்னேன். கொன்றவன் யார் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். முதலில் எழுந்த கேள்வி, "ஐயா, அவள் எப்படிப்பட்ட பெண்?" என்பதாக இருந்தது. கேட்டவர் நல்ல மாணவர், இரக்கமுள்ளவர், இன்று திருச்சபை ஒன்றைப் பொறுப்புடன் நடத்தி வருபவர். அக்கேள்வி அவருடையது மட்டுமன்று. நம் ஆலயத் திண்ணைகளிலும் துக்க வீடுகளிலும் ஒரு பெண் வன்முறையால் இறந்தாள் என்ற செய்தி வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது அதுவே.

நாவல் அக்கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடையளிக்கிறது. லிங்கன் நகரில் ரோசானாவோடு பழகியவர்களைக் காஃப்கா விசாரித்த குறிப்புகள், விளக்கவுரை எதுவுமின்றி வினாவும் விடையுமாகவே தரப்படுகின்றன. அவள் தன் விருப்பப்படி வாழ்ந்தவள். ஆடவரோடு நட்புக் கொண்டாள், சலித்தபோது விலகினாள், திருமணத்தை நாடவில்லை, தன் ஊதியத்தில் தான் வாழ்ந்து, தன் பணத்தில் ஐரோப்பாவைக் காணப் புறப்பட்டாள். தோழி ஒருத்தியின் சொற்களில் சிறிது கடுமை தொனிக்கிறது. அவளால் விலக்கப்பட்ட இளைஞனின் சொற்களிலோ கசப்பைவிட ஏக்கமே மிகுந்திருக்கிறது. பெக் அவற்றை இரவில் தனியே அமர்ந்து வாசிக்கிறான். தீர்ப்பு எதுவும் உரைக்கவில்லை. ஆசிரியரும் உரைக்கவில்லை. நம்மில் பலர் இப்பக்கங்களை வாசிக்கும்போது உள்ளத்தில் ஒரு தீர்ப்பு மெல்ல உருவாவதை உணர்வோம். இவ்வாறு வாழ்ந்தவளுக்கு இவ்வாறு நேர்ந்தது என்ற அந்த 'இவ்வாறு'களுக்கு இடையே நாமே ஒரு கயிற்றைக் கட்டிவிடுகிறோம்.

அக்கயிறு யாருடையது என்பதை நூலின் இறுதியில்தான் அறிகிறோம். கொலையாளியான ஃபோல்கே பெங்ட்சன் குடிகாரனல்லன், வெறியனாகத் தோன்றுபவனல்லன். தனித்து வாழ்பவன், பழக்கவழக்கங்களில் ஒழுங்குடையவன், விசாரணையில் மரியாதையாகப் பேசுபவன். தெருவில் அவனைக் கண்டால் நற்சான்றிதழ் அளிக்க நாம் தயங்க மாட்டோம். அவன் நெஞ்சை நிறைத்திருந்தது அருவருப்பு. தன் விருப்பத்தைத் தயக்கமின்றி வெளிப்படுத்தும் பெண்ணை அவனால் தாங்க இயலவில்லை. அவள் தூய்மையற்றவள், வெட்கமற்றவள், தன்னைத் தீட்டுப்படுத்த வந்தவள் என்று அவன் நம்பினான். இறுதி வாக்குமூலத்தில் அவனுடைய சொற்கள் பாவத்தைக் கண்டிக்கும் ஒருவனின் சொற்களாக ஒலிக்கின்றன. ஆம், நமக்குப் பழக்கமான சொற்கள். பீடத்தில் நின்று நாம் வழங்கும் சொற்களே அவை. "அவள் எப்படிப்பட்ட பெண்?" என்று கதையின் நடுவில் கேட்ட வாசகன், கதையின் முடிவில் அதே கேள்வியைக் கொலைகாரன் வாயிலிருந்து கேட்கிறான்.

இதனால் ஒழுக்கத்தைப் போதித்தலே தவறு என்று நாவல் சொல்வதாக நான் கொள்ளவில்லை; அப்படிக் கொள்வது மலிவான வாசிப்பாகும். பாவத்தைப் பாவமென்று சொல்வதற்கும், ஒரு மனிதப்பிறவியையே தீட்டு என்று கருதி விலக்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் வகுப்பறையில் எளிதாக விளக்கிவிடுகிறோம். அவ்வேறுபாடு அழிந்துபோன ஓர் உள்ளம் வெளியிலிருந்து காண எவ்வளவு ஒழுங்குடையதாகத் தோன்றும் என்பதை இந்நூல் காட்டுகிறது. ரோசானாவின் வாழ்க்கையை நான் மெச்சவில்லை. அவளுடைய மரணத்தோடு அதைச் சேர்த்துப் பேச எனக்கு உரிமையில்லை என்பதை மட்டும் இந்நூல் எனக்கு வலியுறுத்துகிறது. ஒரு பெண்ணின் அடக்க ஆராதனையில் பேச எழும் குருவானவர் இவ்வுரிமையின்மையை உணர்ந்து எழுவாரானால் அவருடைய உரையில் பல வாக்கியங்கள் குறைந்துவிடும்.

அவள் பயணம் செய்த படகின் பெயர் டயானா. 1931இல் கட்டப்பட்ட அப்பெயருடைய கப்பல் உண்மையிலேயே அக்கால்வாயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வது. அன்று அதில் பயணிகளும் பணியாளருமாக 85 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் கொலையாளி, ஏனையோர் சாட்சிகள். ஆனால் எதையும் கண்டதாக நினையாத சாட்சிகள். ஒரு பெண் குறைந்துபோனதை எவரும் கவனிக்கவில்லை. எந்தக் கூக்குரலும் எழவில்லை. படகு தன் வழியே சென்று சேர்ந்தது. பயணிகள் பல நாடுகளுக்குக் கலைந்து போயினர். அவர்கள் எடுத்த நிழற்படங்களையும் சிறு திரைப்படச் சுருள்களையும் ஒவ்வொன்றாகத் திரட்டுவதே காவலரின் அடுத்த பணியாகிறது. மதகு, கரை, புன்னகை புரியும் மனைவி என்று எதையோ படமெடுத்தவரின் சட்டகத்தின் ஓரத்தில், அவர் கருதாமலே, ரோசானா நிற்கிறாள். இருட்டறையில் அச்சுருள் ஓடும்போது, இதுவரை பிணமாக மட்டும் கண்ட ஒருத்தி உயிரோடு நடப்பதைக் காவலர் முதன்முறை காண்கின்றனர். அவளருகே ஓர் ஆடவனும் தென்படுகிறான். ஆரவாரமில்லாத நடையில் எழுதப்பட்ட இக்காட்சிக்கு ஒப்பானதைத் துப்பறியும் இலக்கியத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

மறுபடியும் உபாகமம் நினைவுக்கு வருகிறது. தம் கைகள் இரத்தத்தைச் சிந்தவில்லை, தம் கண்கள் அதைக் காணவில்லை என்று மூப்பர் அறிக்கையிட வேண்டும் என்பது அவ்விதி. மிஷ்னாவின் சோத்தா என்னும் பகுதியில் யூத ஆசிரியர்கள் இதைக் குறித்து ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பினர். ஊரின் மூப்பரைக் கொலைகாரரென்று யாரேனும் எண்ணுவரோ? எண்ணார். அவ்வாறாயின் அவ்வறிக்கையின் பொருள் என்ன? அம்மனிதன் எங்களிடம் வந்தபோது நாங்கள் அவனை உணவின்றி அனுப்பிவிடவில்லை, கண்டும் வழித்துணையின்றி விட்டுவிடவில்லை என்பதே அதன் பொருள் என்று அவர்கள் விளக்கம் கண்டனர். குற்றமின்மை என்பதன் எல்லையை இவ்விளக்கம் எவ்வளவு தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது! டயானாவின் 84 பேரும் கொலை செய்யாதவர்கள். நீதிமன்றம் அவர்களைத் தொடாது. ஆனால் தனியே நின்ற அயலாளைக் கண்டும், துணையின்றி விடவில்லை என்று அறிக்கையிட அவர்களுள் எத்தனை பேரால் இயலும்? நாவலாசிரியர் மிஷ்னாவை நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் மார்க்சியவாதிகள். ஆயினும் அவர்கள் எழுதிய அந்தப் படச்சுருள் காட்சி அப்பழைய விளக்கவுரையின் அருகே சென்று நிற்கிறது.

ஆங்கிலக் கவிஞர் ஆடன் 1948இல் துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இத்தகைய கதைகளை விரும்பி வாசிப்பவன் தன்னுள் பாவ உணர்வு உடையவன் என்றும், குற்றவாளி ஒருவன் கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டதும் ஏதேன் தோட்டம் மீண்டும் நிலைபெறுவதாக அவன் கனவு காண்கிறான் என்றும் விளக்கினார். மாளிகை, நூலறை, தேநீர் வேளை என்று அமைந்த பழைய ஆங்கிலக் கதைகளுக்கு அது முற்றும் பொருந்தும். 'ரோசானா'வில் மீட்டெடுக்க ஏதேன் எதுவுமில்லை. மார்ட்டின் பெக்கின் வயிறு அவனை வருத்துகிறது. ஜலதோஷம் அவனை விடுவதில்லை. மனைவியோடு பேசச் சொற்களில்லை. வீட்டில் ஓய்வு கிடைத்தால் கப்பல் மாதிரி ஒன்றைச் செய்து கொண்டிருக்கிறான். அவனுடைய மேதைமை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிடிவாதம், தர்க்கம், அமைதி இவை மூன்றுமே தனக்குள்ளவை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். குற்றவாளி பிடிபட்ட பின்னும் எவர் வாழ்க்கையும் சீர்ப்படவில்லை. செஸ்டர்ட்டனின் பிரவுன் பாதிரியார் குற்றவாளியின் ஆன்மாவுக்குள் தாமே நுழைந்து பார்த்துக் குற்றத்தை உணர்வார். பெக்குக்கு அத்தகைய ஞானம் வாய்க்கவில்லை. அவன் காத்திருக்கிறான், அவ்வளவே.

ஆனால் அந்தக் காத்திருத்தலை நாவல் இறுதிவரை காத்துக்கொள்ளவில்லை என்பதே என் முதன்மையான குறை. பெங்ட்சனே கொலையாளி என்று காவலர் உறுதியாக நம்புகின்றனர், சான்று இல்லை, அவன் மறுக்கிறான், விட்டுவிட நேர்கிறது. அப்போது அவர்கள் ஒரு பொறி வைக்கின்றனர். சோனியா ஹான்சன் என்னும் பெண் காவலரை அவன் கண்ணில் படும்படி நிறுத்தி, அவன் வெறுக்கும் பெண்ணின் சாயலை அவள் ஏற்கும்படி செய்து, அவளைத் தாக்க அவன் வருவான் என்று பார்த்திருக்கின்றனர். நாள்கள் வாரங்களாகின்றன. சனவரியில் அவன் வருகிறான். காவலர் வந்து சேர்வது தாமதிக்கிறது. சற்றே பிந்தியிருந்தால் மற்றொரு ரோசானாவின் உடலையே அவர்கள் கண்டிருப்பர்.

கதை என்ற அளவில் இப்பகுதி விறுவிறுப்பானது. பலர் நூலில் சிறந்த பகுதி இதுவே என்பர். எனக்கோ இங்கு நூல் தன்னையே மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இறந்த ஒரு பெண்ணைப் பொருளாக நடத்தாது பெயருடைய ஆளாக மீட்க இருபதுக்கு மேற்பட்ட அதிகாரங்களைச் செலவிட்ட மனிதர்கள், உயிருள்ள ஒரு பெண்ணைத் தூண்டிலின் இரையாகக் கோத்துவிடுகின்றனர். அவள் இசைந்தாள் என்பது உண்மை. மேலதிகாரிகள் கேட்கும்போது இளம் பணியாளர் ஒருவர் அளிக்கும் இசைவு எத்தகையது என்பதை, திருச்சபை நிறுவனங்களில் பணிபுரிந்த நம்மில் பலர் அறிவோம். ஆடவர் காத்திருந்த காத்திருப்பின் சலிப்பும் பதற்றமும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அறையினுள் தனியே இருந்தவளின் இரவுகள் அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. அதன்பின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்ற கேள்விக்கு இந்நூலில் இடமில்லை. நுகம் அறியாத கிடாரியைப் பள்ளத்தாக்குக்கு நடத்திச் சென்ற மூப்பரின் நினைவு இங்கும் எழுகிறது. இம்முறை அது எனக்கு ஆறுதல் தரும் நினைவாக இல்லை. பெக்கின் உடல்நலக் குறைவும் மனச்சோர்வும் ஒருவகையில் அவனுடைய மனச்சாட்சியின் குரலே என்று சிலர் வாதிடலாம். இருக்கலாம். ஆனால் மனச்சாட்சியை வயிற்றுவலியாக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது போதாது.

மற்றொரு குறை, கொலையாளியின் உள்ளத்தைப் பற்றியது. பெங்ட்சனின் அருவருப்பு எங்கிருந்து வந்தது? ஸ்வீடனின் நலவாழ்வு அரசின் மேற்பூச்சை உரித்து அதன் அடியிலுள்ள வறுமையையும் கொடுமையையும் காட்டுவதே தம் நோக்கம் என்று ஆசிரியர் இருவரும் வெளிப்படையாகக் கூறியவர்கள். வரிசையின் பிற்கால நூல்களில் அந்நோக்கம் சில வேளைகளில் கதையின் தோள்மீது ஏறி அமர்ந்துகொள்கிறது. இந்த முதல் நூலில் அது ஏறத்தாழத் தலைகாட்டவேயில்லை. நூலின் நலன்களுள் அதுவும் ஒன்று. ஆனால் சமூகத்தின்மேல் பொறுப்பைச் சுமத்தாதவர்கள் வேறு விளக்கமும் தரவில்லை. மனக்கோளாறுடையவன் என்ற முடிவுக்கு வாசகன் எளிதில் வந்துவிடுகிறான். வந்தவுடன் தனக்கும் அவனுக்குமிடையே உள்ள தூரம் மிக அதிகம் என்று நிம்மதியடைந்து விடுகிறான். அவனுடைய சொற்கள் நமக்குப் பழக்கமானவை என்று மேலே குறிப்பிட்டேன். அந்த உறவை நாவல் இன்னும் சற்று வற்புறுத்தியிருக்கலாம்.

இக்குறையை ஆசிரியர்களே உணர்ந்தார்களோ என்று எண்ண இடமளிப்பது வரிசையின் ஒன்பதாம் நூல். 1974இல் வெளிவந்த அந்நாவலில் ஃபோல்கே பெங்ட்சன் மீண்டும் வருகிறான். விடுதலையடைந்து, நாட்டின் தென்கோடியான ஸ்கோனே பகுதியில் ஆண்டர்ஸ்லோவ் என்னும் சிற்றூருக்கு அருகே தனியே ஒரு குடிலில் வாழ்கிறான். அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி காணாமற் போகிறாள். ஊரார்க்கு ஐயமேயில்லை, செய்தித்தாள்களுக்கும் ஐயமில்லை, மேலதிகாரிகளுக்கோ, வழக்கு இவ்வளவு எளிதில் முடிந்ததே என்று மகிழ்ச்சி. ஒருமுறை கொன்றவன் மறுமுறையும் கொல்வான் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சான்று தேவைப்படவில்லை. அவனை முன்பு பிடித்த பெக்கும் கோல்பெர்க்குமே இப்போது ஐயுறுகின்றனர். முடிவில் அவன் அக்குற்றத்தைச் செய்யாதவன் என்று தெரிகிறது. வரிசையின் இரண்டாம் நூலில் கொலைகாரனாகப் பிடிபட்ட செய்தியாளன் ஒருவனும், தண்டனைக் காலம் முடிந்து, வேறு பெயரில், அதே வட்டாரத்தில் தன் தொழிலைச் செய்துகொண்டிருப்பதை அந்நூலில் காண்கிறோம்.

தாம் பிடித்துக் கொடுத்த குற்றவாளிகளைத் தேடித் திரும்பிச் செல்லும் துப்பறியும் நாவல்கள் மிகச் சில. பிடித்துக் கொடுத்தவுடன் அவர்களை மறந்துவிடுவதே இவ்விலக்கிய வகையின் வழக்கம். பிணத்தை மறப்பது போலவே. முதல் நூலில் பெயரற்ற உடலுக்குப் பெயரைத் திரும்பத் தந்தவர்கள், ஒன்பதாம் நூலில் 'கொலைகாரன்' என்ற பெயரைத் தவிர வேறு பெயர் மறுக்கப்பட்ட ஒருவனிடம் திரும்பி வருகின்றனர். அந்நூலின் இறுதியில் கோல்பெர்க் காவல் பணியிலிருந்தே விலகிவிடுகிறான்.

'ரோசானா'வின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இலேயே வெளிவந்து, பலமுறை மறுபதிப்புக் கண்டது. மருத்துவச் சான்றுகளையும் கொலையின் தன்மையையும் கூறும் சில பக்கங்கள் கூச்சமின்றி எழுதப்பட்டவை. வாசகர் இதை அறிந்தே நூலை எடுப்பது நன்று. முதல் நூலை வாசித்து முடிப்பவர் இடையிலுள்ளவற்றை ஒருவேளை விட்டுவிட்டாலும், ஒன்பதாம் நூலையும் தேடி அதனோடு சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன். குற்றவியலைப் பற்றியும் சிறைப்பணியைப் பற்றியும் நம் கல்லூரிகளில் நடைபெறும் வகுப்புகளில் இவ்விரண்டையும் ஒருசேர வாசிக்கச் செய்தால், மாணவர் கேட்கும் முதற்கேள்வி வேறாக இருக்குமா என்பதைக் காண விழைகிறேன்.